லைவ் டிரான்ஸ்கிரைப்: நடுவில் ஆள் இல்லாமல் பேச ஒரு செயலி

கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியை ஆண்ட்ராய்டு போனில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். எதிரில் இருப்பவர் பேசப் பேச, அது திரையில் எழுத்தாக ஓடும். பதிலை நாம் தட்டச்சு செய்து காட்டலாம். 2019 பிப்ரவரியில் இதை வெளியிட்டார்கள். உருவாக்கியவர்களில் முக்கியமானவர் திமித்ரி கனேவ்ஸ்கி. பேச்சைக் கணினியே கேட்டு எழுத்தாக்கும் பேச்சுணர் தொழில்நுட்பத்தில் பல ஆண்டுகளாக ஆராய்ச்சி செய்த விஞ்ஞானி, சிறு வயதிலிருந்தே காது கேளாதவர். காது கேளாதோருக்காக அமெரிக்காவில் இயங்கும் கலாடெட் பல்கலைக்கழகமும் இதில் பங்கெடுத்தது. தேவைப்படுகிறவர்களும் சேர்ந்து செய்த பொருள் இது என்பது பயன்படுத்தும்போது தெரியும்.

நான் பார்த்த மதிப்புரைகளில் பெரும்பாலானவை காது கேட்பவர்கள் எழுதியவை. கொஞ்ச நேரம் பேசிப் பார்த்து, இத்தனை வார்த்தை சரி, இத்தனை தப்பு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. நான் இதை வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன், குடும்பத்தோடு பேசுகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை புரியாது. நான்கு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து கேட்கும் திறன் போனது. அதற்கு முன் கற்ற தமிழ் வாயில் நின்றது, பழகியவர்களுக்கு என் பேச்சு புரியும். இயற்பியல் படித்து, மெல்லிய தகடுகள் எப்படி அதிர்கின்றன என்பதில் முனைவர் பட்டம் வாங்கினேன். இப்போது சென்னையில் ஒரு அறிவியல் அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவில் இருக்கிறேன். பள்ளிக் குழுக்களுக்குச் செய்முறை காட்டுவது, கல்லூரி மாணவர்களுக்கு உரை, காட்சிப் பலகைகளுக்கு எழுதிக் கொடுப்பது, இவைதான் வேலை. நான் தன்பாலீர்ப்பாளன். என் துணைவனோடு வாழ்கிறேன், அவனுக்குக் காது கேட்கும், நன்றாகச் சைகை செய்வான். காது கேளாதவன் என்பதை என்னைப் பார்த்த ஒரு நிமிடத்தில் யாரும் தெரிந்துகொள்வார்கள். இன்னொன்றை யாரிடம் எப்போது சொல்வது என்பது என் கையில் இருக்க வேண்டும். இந்தச் செயலியை நான் மதிப்பிடுவதும் அதை வைத்துத்தான்.

முதலில் வேலை. எனக்குப் பிடித்த செய்முறை கிளாட்னி தகடு. உலோகத் தகட்டின் மேல் மெல்லிய மணலைத் தூவி, ஓரத்தில் வயலின் வில்லை இழுத்தால் மணல் ஓடி ஓடிப் போய்க் கோடுகளாக நிற்கும். அதிர்வே இல்லாத இடங்கள் அவை, பாடப்புத்தகம் கணு என்று சொல்வது. வில்லைப் பிடிக்கும் இடத்தை மாற்றினால் கோலமும் மாறும். ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் கிளாட்னி இதை 1787இல் புத்தகமாக எழுதினார். 1809இல் பாரிஸில் நெப்போலியன் முன் செய்து காட்டினார். இந்தக் கோலங்களுக்குக் கணிதம் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று அறிவித்தார்கள், 1816இல் அதை வாங்கியவர் சோஃபி ஜெர்மைன். பெண் என்பதால் கல்லூரியில் சேர முடியாமல், ஓர் ஆணின் பெயரில் பாடக்குறிப்புகளை வாங்கிப் படித்தவர். இந்தக் கதையை நான் ஒரு குழுவிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

மணல் நின்றதும் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அடிக்கடி வரும் கேள்வி, "சார், உங்களுக்குத்தான் கேக்காதே, சவுண்ட பத்தி எப்படி சார் படிச்சீங்க?" ஆசிரியர்கள் பதறிப்போய் பிள்ளையை அடக்கப் பார்ப்பார்கள். எனக்கு அது மிக நல்ல கேள்வி. தகட்டைத் தாங்கும் தண்டில் பிள்ளையின் விரலை வைக்கச் சொல்லி, மறுபடி வில்லை இழுப்பேன். ஒலி என்றால் அதிர்வு என்று அந்த விரலுக்கு அப்போதே தெரிந்துவிடும். இந்தச் செயலி வருவதற்கு முன்னால் அந்தக் கேள்வியே என்னிடம் வந்து சேர்ந்ததில்லை. ஆசிரியர் அதை அழகாக மாற்றி, "ஒலியைப் பற்றி மேலும் அறிய விரும்புகிறான்" என்று துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பார். இப்போது பிள்ளை கேட்டது கேட்டபடி திரையில் வருகிறது.

திரையின் மூலையில் ஒரு சின்ன வட்டம் இருக்கிறது. சுற்றியுள்ள சத்தத்தைவிடப் பேசுபவர் குரல் எவ்வளவு மேலே இருக்கிறது என்பதை அது காட்டும். காது கேளாதவருக்கு இந்தத் தகவல் வேறு எந்த வழியிலும் கிடைக்காது. எதிரில் இருப்பவர் முணுமுணுக்கிறாரா, பின்னால் ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கிட்டே வாருங்கள் என்று கையைக் காட்டுவேன். பிள்ளைகளுக்கு இதையே பாடமாகவும் ஆக்கிவிட்டேன். ஒரே சத்தத்தில் பேசிக்கொண்டே பின்னால் நடக்கச் சொல்வேன், வட்டம் சுருங்குவதை மற்றவர்கள் பார்ப்பார்கள். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) குறையும். ஒரு மீட்டரிலிருந்து நான்கு மீட்டருக்குப் போனால் 12 டெசிபல். பலகையில் எழுதிப் போடுவதைவிட இது மனதில் நிற்கிறது.

அதே காரணத்தால்தான், இதைப் போட்டுக்கொண்டதும் கூடவே சட்டையில் மாட்டும் சின்ன மைக் ஒன்றையும் வாங்கச் சொல்கிறேன். வெளி மைக்கை இந்தச் செயலி ஏற்றுக்கொள்ளும். எங்கள் கூடத்தில் கருங்கல் தரை, கண்ணாடித் தடுப்பு, உயர்ந்த கூரை, ஒரே நேரத்தில் மூன்று பள்ளிகள். அப்படிப்பட்ட இடத்தில் போனின் சொந்த மைக்கை நம்பி எந்தப் பேச்சுணர் மென்பொருளாலும் நன்றாக வேலை செய்ய முடியாது. மைக்கைக் கேள்வி கேட்கும் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. மைக் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும் என்ற ஒழுங்கு தானாக வந்துவிடும். இது முக்கியம், ஏனென்றால் பேசுகிறவர்களைப் பெயர் போட்டுப் பிரித்துக் காட்டும் வசதி இதில் இல்லை. நான்கு பேர் கூடிப் பேசும் அலுவலகக் கூட்டத்தில் யார் எதைச் சொன்னார் என்பதற்கு முகங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

பிடித்த சின்ன விஷயங்கள் சில. தமிழ், ஆங்கிலம் இரண்டையும் தேர்ந்து வைத்துக்கொண்டால் ஒரு பொத்தானில் மாற்றிக்கொள்ளலாம். நம் ஊரில் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டும் கலந்து வரும், அங்கே எழுத்து கொஞ்சம் தடுமாறும். அடிக்கடி வரும் கலைச்சொற்களையும் பெயர்களையும் முன்கூட்டியே சேர்த்து வைக்கலாம். யாராவது நம் பெயரைச் சொன்னால் போன் அதிரும்படி வைக்கலாம், நான் குனிந்து தகட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது உடன் வேலை செய்பவர்கள் தோளைத் தட்ட ஓடி வர வேண்டியதில்லை. தீ எச்சரிக்கை மணி போன்ற சத்தங்களுக்கு அறிவிப்பு தரும் வசதியும் 2020இல் வந்தது. பொதுக் கட்டடத்தில் வேலை செய்யும் காது கேளாதவர் அதை முதல் நாளே போட்டுவைக்க வேண்டும். ஆனால் அதையே முழுதாக நம்பக் கூடாது, கட்டடத்தில் ஒளிரும் எச்சரிக்கை விளக்கு வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்பது நம் உரிமை.

கோளரங்கத்துக்கு இந்தச் செயலியை நான் பரிந்துரைக்க மாட்டேன். இருட்டு என்பது எங்களுக்குப் பெரிய தடை. சைகை செய்பவர் தெரிய மாட்டார், அவர் மேல் சின்ன விளக்கைப் போட்டால் கண் அவரிடம் ஒரு முறை, வானத்திடம் ஒரு முறை என்று அலைந்து இரண்டையும் தவறவிடும். அமெரிக்காவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தினர் சைகை செய்பவரைக் கண் முன்னாலேயே காட்டும், முகத்தில் அணியும் ஸ்மார்ட் மூக்குக்கண்ணாடியைத் தங்கள் கோளரங்கத்தில் சோதித்துப் பார்த்தார்கள். அருமையான யோசனை. ஆனால் பெரும்பாலான கோளரங்கக் காட்சிகள் முன்பே பதிவு செய்தவை. எழுதி வைத்த உரை அலமாரியிலேயே இருக்கிறது. அதை அச்சடித்து, காட்சிக்கு முன் வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்கக் கொடுத்தால் போதும். இருக்கும் எழுத்தை ஒலியாக்கி, அந்த ஒலியை மறுபடி எழுத்தாக்க ஒரு செயலி எதற்கு?

கோளரங்கத்தில் நான் நேரடியாகப் பேசும் நிகழ்ச்சியில் ஜான் குட்ரிக்கைப் பற்றிச் சொல்வேன். இங்கிலாந்தின் யார்க் நகரில் இருந்த காது கேளாத இளைஞர். அல்கால் என்ற விண்மீன் மங்கி மங்கிப் பிரகாசிப்பதை இரவுகள்தோறும் பார்த்து, அது 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒரு முறை நடக்கிறது என்று கணக்கிட்டார். ஏதோ ஓர் இருண்ட பொருள் குறுக்கே வந்து மறைக்கிறது என்பது அவர் சொன்ன விளக்கங்களில் ஒன்று. 1783இல் லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது, அப்போது அவருக்கு 19 வயது. 21 வயதில் இறந்துவிட்டார். அவர் சொன்ன விளக்கம் சரி என்பது 1889இல்தான், விண்மீனின் ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலை மூலம் உறுதியானது. காது கேளாதோர் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் இந்தக் கதைக்கு நிமிர்ந்து உட்காருவார்கள். "நிஜமாவே கேக்காதா? அவருக்கா?" என்று ஒருவருக்கொருவர் சைகையில் கேட்டுக்கொள்வதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு இந்தச் செயலியைக் காட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நிர்வாகம் நினைத்தால் அது அநியாயம். அவர்களுக்கு முதல் மொழி சைகை மொழி, எழுதிய தமிழ் அவர்களுக்கு இரண்டாவது மொழி. வேகமாக ஓடும் வரிகளை ஒன்பது வயதுப் பிள்ளை எப்படிப் பிடிக்கும்? அவர்களுக்குத் தேவை சைகை தெரிந்த ஆள். டெல்லியில் உள்ள இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது, அதை நான் நிறையப் பயன்படுத்துகிறேன். அங்கே கிடைக்காத கலைச்சொல்லுக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து அந்த நேரத்துக்கு ஒரு சைகையை முடிவு செய்துகொள்வோம். மணல் வந்து நிற்பதைக் கையால் காட்டுவது எங்களுக்குள் கணு ஆகிவிட்டது.

அப்புறம், சைகை மொழிபெயர்ப்பாளர்கள். அவர்கள் இல்லாவிட்டால் நான் முனைவர் பட்டமே முடித்திருக்க முடியாது, நான் அறிந்தவர்களில் மிக நேர்மையானவர்கள் சிலர் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் உலகம் சின்னது. காலையில் மருத்துவமனைக்குக் கூட வருபவரே மாலையில் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்தில் நிற்பார். பல வருடங்களுக்கு முன், நான் யார் என்பதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். நான் இன்னும் என் அக்காவிடம்கூடச் சொல்லாத செய்தி, நான் போய்வந்த ஒரு சங்கத்தில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதன்பிறகு நீண்ட காலம் நான் ஆலோசகர் யாரிடமும் போகவில்லை. காது கேட்கிற தன்பாலீர்ப்பாளர் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவரிடம் பேசலாம். எங்களுக்கு அந்த அறையில் எப்போதும் மூன்றாவது நாற்காலி உண்டு.

அந்த மூன்றாவது நாற்காலியை எடுத்துவிடலாம் என்பதுதான் இந்தச் செயலி எனக்குத் தந்தது. இப்போது ஆலோசகரிடம் போகும்போது மேசையில் போனை வைக்கிறேன். அவர் பேசுவதைப் படிக்கிறேன், நான் வாயால் பேசுகிறேன், தேவைப்பட்டால் தட்டச்சு செய்கிறேன். நடுவில் யாருமில்லை.

கல்லூரி மாணவர்களுக்கான உரையில் ஃபிராங்க் கமெனியைப் பற்றியும் பேசுவேன். 1956இல் ஹார்வர்டில் வானியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அடுத்த வருடமே தன்பாலீர்ப்பாளர் என்ற காரணத்தால் அமெரிக்க ராணுவ வரைபடத் துறை வேலையிலிருந்து நீக்கப்பட்டார். வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு போனார், எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். வானியல் வேலைக்கு அவர் திரும்பவே இல்லை. 2009இல்தான் அரசு மன்னிப்புக் கேட்டது. போராட்டத்தில் அவரும் தோழர்களும் ஏந்திய அட்டைகள் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இதைச் சொல்லும்போது என் துணைவனைப் பற்றியும் ஒரு வரி சொல்வேன். தன்பாலீர்ப்பு உறவு குற்றமல்ல என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொன்ன 2018 செப்டம்பர் 6 தீர்ப்புக்குப் பிறகு அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது.

அப்படி ஓர் உரை முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்குப் போனபின், ஒரு மாணவன் மட்டும் ஏதோ தேடுவதுபோல் நின்றான். நான் போனை நீட்டியதும் வாயருகே வைத்து மெதுவாகப் பேசினான். திரையில் வந்தது: "சார் உங்க வீட்ல தெரியுமா." நான் தட்டச்சு செய்தேன்: "தெரியும். சொல்ல ரொம்ப நாள் ஆச்சு. உனக்கு அவசரம் இல்லை." அவன் படித்தான். இன்னும் சில கேள்விகள் கேட்டான், அவை அவனுடையவை, இங்கே எழுத மாட்டேன். பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நின்றிருந்தால் அவன் வாயைத் திறந்திருக்கவே மாட்டான். அருங்காட்சியகக் கல்வி என்று சம்பளம் வாங்கி நான் செய்த வேலைகளில் அந்தப் பத்து நிமிடத்தை உயர்வாகவே நினைக்கிறேன்.

வீட்டுக் கதை வேறு மாதிரி. என் துணைவனின் அம்மா திருநெல்வேலிக்காரர். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் பேசுவதை அவன்தான் எனக்குச் சைகையில் சொல்லுவான். "அம்மா சாப்பிட்டியான்னு கேக்குறாங்க. அம்மா வெயில் ஜாஸ்தின்னு சொல்றாங்க." இவ்வளவுதான் வரும். நல்ல மனிதர், அதிகம் பேசாதவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செயலியைச் சாப்பாட்டு மேசையில் வைத்த பிறகுதான் அவர் எவ்வளவு பேசுபவர் என்று தெரிந்தது. முதலில் போனைப் பார்த்ததும் வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசினார், எழுத்து அப்படியே வந்தது. பிறகு போனை மறந்து தன் தமிழுக்குப் போனார். வட்டாரப் பேச்சுக்கு எழுத்து கொஞ்சம் தடுமாறினாலும் விஷயம் புரிந்தது. "ஊர்ல நாலு பேரு கேட்டா நான் என்னய்யா சொல்லுவேன்" என்று மகனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் கை அசையவே இல்லை. வழக்கம்போல எனக்கு வலிக்கக் கூடாது என்று அதை விழுங்கிக்கொண்டான். நான் படித்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்தது, அம்மாவுக்கும் தெரிந்தது.

அன்பால்தான் அவன் வடிகட்டினான். ஆனால் அந்த வார்த்தைகளும் என் குடும்ப வாழ்க்கைதான், அவை எனக்கு வர வேண்டியவை. அன்று சாப்பிட்டு முடித்தபின், "அம்மா, அந்த நாலு பேரு யாரு?" என்று நானே வாயால் கேட்டேன். பெயர் சொல்லிச் சொன்னார். அதிலிருந்து பேச ஆரம்பித்தோம். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை, சில நாள் கோபத்தில் முடிகிறது. என்றாலும் அது இப்போது அவருக்கும் எனக்கும் நேரடியாக நடக்கிற பேச்சு.

இனி, எச்சரிக்கை. வழக்கமாக இந்தச் செயலி இணையம் வழியாகப் பேச்சைக் கூகுளின் சர்வருக்கு அனுப்பித்தான் எழுத்தாக்குகிறது. உரையாடலை அங்கே சேமிப்பதில்லை என்று நிறுவனம் சொல்கிறது. 2022இல் இணையம் இல்லாமல் இயங்கும் முறையும் வந்தது, எல்லா மொழிக்கும் கிடையாது. எங்களைப் போன்றவர்கள் அதைவிடக் கவனிக்க வேண்டியது கையில் இருக்கும் போனை. உரையாடல்களை மூன்று நாள் சேமித்து வைக்கும் வசதி இதில் உண்டு. படிப்புக்கும் கூட்டக் குறிப்புக்கும் பயன்படும். ஆனால் அதே போனைப் பள்ளிப் பிள்ளையிடமோ ஆட்டோ ஓட்டுநரிடமோ பேசச் சொல்லி நீட்டும்போது, விரலால் மேலே தள்ளினால் நேற்று இரவு வீட்டில் பேசியது வரும். யாரிடமும் சொல்லாமல் இருக்கும் ஒருவருக்கு அது பெரிய ஆபத்து. சேமிப்பை அணைத்து வையுங்கள், செயலியின் செட்டிங்ஸில் உள்ள அழிக்கும் பொத்தான் எங்கே என்று பழகிக்கொள்ளுங்கள். நான் வேலைக்கு ஒரு பழைய போன், வீட்டுக்கு ஒரு போன் என்று பிரித்துவிட்டேன். முடிந்தால் அதுவே நல்லது.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செயலி கிடையாது. பேசக் கற்காத, எழுத்தும் அதிகம் பழகாத காது கேளாதவருக்கு இதைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளாதீர்கள், சைகை கற்றுக்கொள்ளுங்கள். எழுத்து பழகியவருக்கு, தனியாகப் பேச வேண்டிய விஷயம் உள்ளவருக்கு, தயங்காமல் போட்டுக்கொள்ளச் சொல்வேன்.

அருங்காட்சியகங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால்: குழுவுக்கு வழிகாட்டச் சைகை மொழிபெயர்ப்பாளரை அழையுங்கள், அவருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுங்கள். கோளரங்க உரையை அச்சடித்து வையுங்கள். டிக்கெட் கவுண்டரில் ஒரு டேப்லெட்டில் இந்தச் செயலியைத் திறந்து, மைக்கோடு வையுங்கள். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றும் பொத்தானையும், ஒருவர் பேசிப் போனதும் அழிக்கும் பொத்தானையும் கவுண்டரில் உட்காருபவருக்குக் காட்டிக்கொடுங்கள்.